கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்

சித்திரை பிறந்துவிட்டால் கடைவீதியில் தண்ணீர்ப் பந்தல் போடுவது நம்மவர்களுக்குப் பரம்பரை வழக்கம். கீற்றுக் கொட்டகை, மண்பானை, நீர்மோர், வெள்ளரிப் பிஞ்சு, திறந்துவைக்க ஒரு பிரமுகர் என்று ஊருக்கு ஊர் சிறப்பாகவே நடக்கிறது. வழிப்போக்கரும் பஸ்ஸுக்கு நிற்பவரும் வயிறு குளிர்ந்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தப் பந்தலுக்கு நன்கொடை கொடுத்த முதலாளியைப் பாருங்கள். பத்தடி தள்ளித் தன் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர், காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நான்கு டீயோடு பொழுதை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஏன் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தோம். "தாகமே எடுப்பதில்லை" என்பதுதான் முதலில் வரும் பதில். இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பேசினால் உண்மைக் காரணம் வெளிவருகிறது. கடையில் கழிப்பறை கிடையாது. பொதுக் கழிப்பிடம் பஸ் நிலையத்தில் இருக்கிறது. போய்வரக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் கல்லாவை யார் பார்ப்பது? குடித்தால்தானே போகவேண்டும், குடிக்காமலே இருந்துவிட்டால் தொல்லையில்லை என்று உடம்பைப் பழக்கிவிடுகிறார்கள். மண்டிக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் சிறு மளிகைக்கடைக்காரரும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்ற உபதேசத்தை நம் உறுப்பினர்கள் கேட்காத நாளில்லை. அதையே இன்னொருமுறை அச்சடித்துக் கொடுப்பதற்கு நம் இதழின் பக்கங்கள் வேண்டியதில்லை. எவ்வளவு குடிக்க வேண்டும், தண்ணீர் குடித்தால் உடம்பு இளைக்கும் என்கிறார்களே அது எந்த அளவுக்கு உண்மை, கடையில் இருந்துகொண்டே இதை நடத்திக் காட்ட வழி என்ன என்ற மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உடம்பின் பேரேடு

வியாபாரிக்கு எதையும் வரவு செலவாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும். வளர்ந்த ஓர் ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். அதாவது 70 கிலோ எடையுள்ளவரிடம் சுமார் 42 லிட்டர் இருப்பு உள்ளது. இந்த இருப்பிலிருந்து தினமும் சிறுநீராகச் சுமார் ஒன்றரை லிட்டர் செலவாகிறது. தோல் வழியாகவும் மூச்சுக் காற்றோடும் நாம் அறியாமலே முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை போய்விடுகிறது. மலத்தோடு 100 முதல் 200 மில்லி. ஆக, நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே ஒரு நாள் செலவு சுமார் இரண்டரை லிட்டர்.

வரவுப் பக்கம் பார்த்தால், சோறு, குழம்பு, காய்கறி, பழம் ஆகியவற்றில் இருக்கும் நீர் முக்கால் லிட்டர் அளவுக்கு வரும். உண்ட உணவு உடம்பில் எரியும்போது தானாகவே உண்டாகும் நீர் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். மீதி ஒன்றரை லிட்டரை நாம் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். இது வேர்க்காத உடம்புக்கான கணக்கு. நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கடியில், மின்விசிறி அனல் காற்றை வாரி வீசும் கடைக்குள் இந்தக் கணக்கு செல்லாது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. மற்ற வருடங்களிலும் அக்கினி நட்சத்திர நாட்கள் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வியர்வை போவதும் உண்டு.

வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் உடம்பு என்ன செய்கிறது? நாம் செய்வதைத்தான் செய்கிறது, செலவைச் சுருக்குகிறது. சிறுநீரகம் தண்ணீரைத் திருப்பி இழுத்துக்கொண்டு கழிவை மட்டும் கெட்டியாக வெளியே தள்ளுகிறது. சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக, சுருக்கென்று எரிச்சலோடு போவது அதனால்தான். ஒரு நாள் இரண்டு நாள் இப்படி ஓட்டலாம். வருடக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எட்டு டம்ளர் எங்கிருந்து வந்தது?

நாளொன்றுக்கு எட்டு டம்ளர் என்று எல்லோரும் சொல்கிறோம். இந்தக் கணக்கின் வரலாறு சுவையானது. 1945-ல் அமெரிக்காவின் உணவு மற்றும் சத்துணவு வாரியம் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் போதும் என்று எழுதியது. அடுத்த வரியிலேயே இதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தது. அந்த அடுத்த வரியைப் பலர் படிக்காததே எட்டு டம்ளர் கணக்கின் மூலமாக இருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. சரக்குப் பில்லில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கீழே உள்ள கழிவை விட்டுவிடுவது போன்ற சங்கதி. சிறுநீரகத் துறையில் பெயர்பெற்ற ஹெயின்ஸ் வால்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2002-ல் ஆய்வு நூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆரோக்கியமான எல்லோரும் எட்டு டம்ளர் குடித்தே ஆகவேண்டும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

அதற்காகக் குறைத்துக் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் சொன்னது குளிர்ந்த நாட்டில், வேர்க்காமல் வேலை செய்கிற, நோயில்லாத மக்களுக்கு. அமெரிக்க மருத்துவக் கழகம் 2004-ல் வெளியிட்ட அளவின்படி, உணவில் வருவதையும் சேர்த்து ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-ல் சொன்னது ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 2 லிட்டர். பெரிய அமைப்புகளே ஒரு கணக்கில் நிற்கவில்லை. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை தேவை மாறுவதே காரணம்.

நம் கடைக்காரர்களுக்குத் தோராயமாக ஒரு அளவு வேண்டுமென்றால், சாதாரண நாளில் இரண்டு லிட்டர், கோடையில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் டீ, மோர், ரசம் எல்லாம் சேர்த்திதான். டீ உடம்பில் உள்ள நீரை வற்றவைத்துவிடும் என்று சொல்வது மிகைப்படுத்தல். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2014-ல் தினம் நான்கு கோப்பை காப்பி குடித்தவர்களையும் அதே அளவு தண்ணீர் குடித்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் உடம்பின் நீர் இருப்பில் வித்தியாசம் தெரியவில்லை. டீயின் குற்றம் வேறு. அதற்கும் வருவோம்.

அளவுச் செம்பைவிட நல்ல தராசு ஒன்று உண்டு. சிறுநீரின் நிறம். வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் வரவு செலவு சரி. டீத் தண்ணீர் போல் கறுத்திருந்தால் கடன் ஏறியிருக்கிறது. காலையில் எழுந்ததும் போவது எப்போதும் சற்று அடர்த்தியாகவே இருக்கும்; பகல் பன்னிரண்டு மணிக்குப் பாருங்கள். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எப்படியும் பளிச்சென்ற மஞ்சளாகத்தான் போகும்; அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு குடித்தும் பல நாட்கள் நிறம் மாறாமல் இருந்தாலோ சிவப்பாகப் போனாலோ டாக்டரிடம் காட்டுவதே முறை.

தாகம் எடுக்கவில்லையே என்கிற மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கிக்கொண்டே போகிறது. அறுபதைத் தாண்டியவருக்குத் தாகம் ஒரு நம்பகமான கணக்கப்பிள்ளை அல்ல. அவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் வேளை வைத்துக் குடிக்க வேண்டும். குளிர்சாதனம் போட்ட கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மாலையில் கணக்கு இடிப்பது ஏன்?

2011-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் சிலரை வேர்க்க வைத்து, எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு நீர் குறைந்த நிலையில் சோதித்தார்கள். 70 கிலோ ஆளுக்கு இது ஒரு லிட்டர்தான். கவனம் தேவைப்படும் வேலையில் அவர்கள் செய்த பிழைகள் கூடின, களைப்பும் கூடியது. மாலை ஐந்து மணிக்குச் சிட்டையைக் கூட்டும்போது தொகை இடிப்பதும், தலை வலிப்பதும், கடைப் பையன்மீது எரிந்து விழுவதும் முழுக்கத் தண்ணீர்க் குறைவால்தான் என்று நாம் சொல்லவரவில்லை. பாக்கிதாரர்களும் ஒரு காரணம். ஆனாலும் தலைவலி மாத்திரையைத் தேடுவதற்கு முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கல்லடைப்பு

கடைத்தெருவில் கல்லடைப்பு வந்து அவதிப்பட்டவர்கள் பத்துக் கடைக்கு ஒருவராவது தெரிந்தவராக இருப்பார். முதுகுப் பக்கம் விலாவில் தொடங்கி முன்பக்கமாக அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கும் அந்த வலியை ஒருமுறை அனுபவித்தவர் மறப்பதில்லை. நம் உறுப்பினர் ஒருவர், நவதானிய மொத்த வியாபாரி, தீபாவளிக்கு முந்தின வாரம் மூட்டைமேல் உருண்டு துடித்ததை நாமே கண்டோம். சீசனில் பத்து நாள் கடை கைமாறி நடந்தது. வைத்தியச் செலவைவிட அந்தப் பத்து நாள்தான் தன்னை வாட்டியது என்றார் அவர்.

கல் உண்டாவதற்குக் காரணங்கள் பல. குடும்ப வாகு, உப்பு, மாமிச உணவு எல்லாம் சேரும். இவற்றில் மிக எளிதாக நம் கையில் இருப்பது தண்ணீர். சர்க்கரையை வெந்நீரில் கரைத்து வற்றவிட்டால் கற்கண்டு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். கெட்டியான சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தும் ஆக்சலேட்டும் அப்படியே கட்டிக்கொள்கின்றன. இத்தாலியில் பார்மா நகர மருத்துவர்கள் முதல்முறை கல் வந்த 199 பேரை 5 வருடம் கவனித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் இரண்டு லிட்டர் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடித்தவர்களில் மறுபடி கல் வந்தது 12 சதவீதம் பேருக்கு. பழையபடியே இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு. மருந்து மாத்திரை ஏதுமில்லை, தண்ணீர் மட்டுமே. கல் வந்து போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிப்பது இரண்டு லிட்டர் என்றில்லை, சிறுநீராகப் போவது இரண்டு முதல் இரண்டரை லிட்டர் இருக்கவேண்டும் என்பதே மருத்துவர்கள் சொல்லும் அளவு. நம் ஊர் வேர்வைக்கு அதற்கு மூன்று லிட்டருக்கு மேல் குடிக்க நேரும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

தண்ணீர் குடித்தால் தொந்தி கரையுமா?

இனி நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருவோம். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே செய்யும் தொழில் நமக்கு வருமானத்தோடு தொந்தியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. எடை குறைக்கத் தண்ணீர் குடி என்று ஒரு துண்டு நோட்டீஸ் வருடக்கணக்காகச் சுற்றி வருகிறது. முன்பு அச்சடித்துக் கொடுத்தார்கள், இப்போது கைப்பேசியில் வருகிறது. விடிந்ததும் பல் துலக்காமல் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, தொந்தி எல்லாம் போய்விடும் என்கிறது அது. ஜப்பானிய வைத்தியம் என்று பெயர் வேறு. இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

ஐஸ் தண்ணீர் குடித்தால் அதைச் சூடாக்குவதற்காக உடம்பு கொழுப்பை எரிக்கும் என்று இன்னொரு பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போமே. பத்து டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை உடல் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் 27 கலோரி. ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரையின் கலோரிதான் இது. ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீரின் லாபம் ஒரே ஒரு டீயில் அடிபட்டுப் போகிறது. வெந்நீரில் தேன் கலந்து குடிப்பவர்களுக்கும் இதே பதில். ஒரு மேசைக் கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது.

அப்படியானால் தண்ணீரால் எடை குறையாதா? குறையும், இரண்டு வழிகளில். முதல் வழி, சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2010-ல் வெளியான ஆய்வில், 55 முதல் 75 வயதுவரையுள்ள பருமனானவர்கள் இரண்டு பிரிவாகப் பன்னிரண்டு வாரம் உணவைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்த பிரிவினருக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. பர்மிங்காமில் 84 பேரை வைத்து நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அரை மணி நேரம் முன்னதாக அரை லிட்டர் குடித்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது 1.3 கிலோ. சிறிய ஆய்வுகள், சிறிய லாபம். ஆனால் முதல் போடாமல் வரும் லாபம்.

நம்மவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகவே பலிக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. காரணம், நாம் சாப்பிடும் முறை. பகல் சாப்பாடு மூன்று மணிக்கு. அதற்குள் பசி முற்றி, வந்த வேகத்தில் இரண்டு ஆள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைக்குள்ளேயே பலகைமேல் சாய்ந்துவிடுகிறோம். இரண்டரை மணிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் உள்ளே போயிருந்தால் அந்த மூன்றாவது தடவை சோற்றுக்கு இடமிருக்காது.

இரண்டாவது வழிதான் பெரியது. டீக்கும் கலர் தண்ணீருக்கும் பதிலாகத் தண்ணீர் குடிப்பது. நம் கடைகளில் வாடிக்கையாளர் வந்தால் டீ, விற்பனைப் பிரதிநிதி வந்தால் டீ, லாரி வந்தால் டீ, லாரி வரவில்லை என்றாலும் டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ என்பது குறைந்த கணக்கு. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை. ஆறு டீக்கு 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம். சர்க்கரையை எடைபோட்டு விற்கிற கையால் இதைத் தராசில் வைத்துப் பார்க்கட்டும். ஏறத்தாழ இரண்டு கிலோ சர்க்கரையை ஒரு மனிதன் டீயில் மட்டும் மாதாமாதம் கரைத்துக் குடிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு, இனிப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். நாம் டீயிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். கூடவே வரும் வடையையும் பஜ்ஜியையும் நாம் இன்னும் கணக்கில் எழுதவேயில்லை.

ஆறு டீயில் மூன்றை நிறுத்தினால் சர்க்கரையில் மட்டும் 120 கலோரி மிச்சம். பாலையும் சேர்த்தால் 200 கலோரி வரும். மாலையில் குடிக்கும் 300 மில்லி குளிர்பானத்தில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை. அதையும் விட்டால் இன்னொரு 120. ஆக நாளொன்றுக்கு 300 கலோரிக்கு மேல், மாதத்துக்கு 9,000-க்கு மேல். ஒரு கிலோ கொழுப்பின் மதிப்பு சுமார் 7,700 கலோரி. ஏட்டுக் கணக்கில் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கவேண்டும். நடைமுறையில் அவ்வளவு இறங்காது. உடம்பு தன் செலவையும் குறைத்துக்கொள்ளும், டீ இல்லாத குறைக்கு இரவில் ஒரு தோசை கூடிப்போகும். பாதி கிடைத்தாலும் வருடத்துக்கு ஐந்தாறு கிலோ. வேறு எந்த வைத்தியமும் செய்யாமல்.

டீயை அடியோடு விட்டுவிடு என்று நாம் சொல்லவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. டீ வரும்போதெல்லாம் முதலில் முழு டம்ளர் தண்ணீர், பிறகு டீ என்று வைத்துக்கொண்டாலே மூன்றாவது டீக்கு ஆசை குறைகிறது. காப்பிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிற பழைய ஓட்டல் வழக்கம் அர்த்தமுள்ளதுதான். பின்னர் டீக்கடைக்காரரிடம் சர்க்கரையைப் பாதியாக்கச் சொல்லலாம். பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

குளிர்பானமும் விற்றுக்கொண்டு அதைக் குடிக்காதே என்று நம் இதழிலேயே எழுதலாமா என்று சில உறுப்பினர்கள் முகம் சுளிக்கக்கூடும். கேட்டு வருகிறவருக்கு விற்பது வியாபாரம். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நாமே குடிப்பது வியாபாரமல்ல, இருப்பில் குறைவு. விற்பதிலும் ஒரு எச்சரிக்கை அவசியம். வயிற்றுப்போக்குக்காகக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெயரைப் போட்டுக்கொண்டு இனிப்புப் பானங்கள் வந்துகொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்கப்படாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய அட்டைப் பெட்டிகள் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. குழந்தைக்கு வாந்தி பேதி என்று ஓடிவருகிறவருக்கு ஜூஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

நீர்மோர் நமக்குக் கிடைத்த நல்ல பானம். கொழுப்பு எடுத்த மோர், சர்க்கரை இல்லை, வேர்வையில் போன உப்பும் திரும்புகிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். பழைய சோற்று நீராகாரமும் அப்படியே. ஜிகர்தண்டாவைத் தாகத்துக்குக் குடிப்பதாகச் சொல்லும் மதுரை நண்பர்களுக்கு நம் பதில் ஒரு புன்னகை மட்டும்.

யார் கூடுதலாகக் குடிக்கக் கூடாது?

இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள், நீர் இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு டாக்டர் ஓர் அளவு சொல்லியிருப்பார். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த அளவை மாற்றக் கூடாது. நல்ல உடம்புள்ளவர்களும் ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது தவறு. சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டரைத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மூளை வீங்குகிறது. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் வானொலி நிலையம் ஒன்று நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட ஒரு தாய் அன்றே இறந்துபோனார்.

ஆகவே பிரித்துக் குடிக்க வேண்டும். எழுந்ததும் ஒன்றிரண்டு டம்ளர். கடை திறந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாத்திரம், பகல் சாப்பாட்டுக்குள் அது காலி. மறுபடி நிரப்பியது மாலை ஏழு மணிக்குள் காலி. இரவு எட்டுக்கு மேல் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது; ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு இது முக்கியம். செம்பு கண்ணில் படும்படி இருக்கவேண்டும், பின்கட்டில் இருக்கும் கேனுக்கு எழுந்து போய்க் குடிப்பவர் யாருமில்லை. கேனை வெயிலில் வைக்காமலும் குழாயை வாரம் ஒருமுறை கழுவியும் வைத்துக்கொள்ளவும். மூட்டை தூக்குபவர்களுக்குப் பானையை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, போக இடம் எங்கே?

இங்கேதான் எல்லா உபதேசமும் நின்றுவிடுகிறது. முதலாளியாவது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வந்துவிடுவார். ஆண் சிப்பந்திகள் சந்துக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். அதுவும் பெருமைப்படும் காரியமல்ல. நம் கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பேன்சி ஸ்டோர், மருந்துக்கடை என்று எங்கும் இன்று பெண்கள்தான். காலை ஒன்பது மணிக்கு வந்து இரவு ஒன்பது மணிக்குப் போகும்வரை தண்ணீரைத் தொடாமல் இருப்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கொண்டுவந்த பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புகிறது. இதை நாம் கேட்டதில்லை, அவர்கள் சொல்லப்போவதுமில்லை.

இதனால் வருவது நீர்க்கடுப்பு, காய்ச்சல், சிறுநீரகம் வரை ஏறும் தொற்று. அடிக்கடி நீர்த்தொற்று வந்துகொண்டிருந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களைப் பல்கேரியாவில் ஒரு வருடம் கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்த பிரிவினருக்கு வருடத்தில் வந்த தொற்று சராசரி 1.7 தடவை, மற்றவர்களுக்கு 3.2 தடவை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வெப்பமான இடங்களில் வேலைசெய்யும் பெண்களைப் பற்றி 2016-ல் எழுதியதும் இதே கதைதான். கழிப்பறை இல்லை, ஆகவே குடிப்பதில்லை, ஆகவே நோய்.

நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே கேரளத்தில் வந்துவிட்டது. சட்டம் வந்துதான் நாம் ஒரு ஸ்டூல் போட்டோம் என்பது நமக்குப் பெருமை சேர்க்கும் செய்தியல்ல. கழிப்பறை விஷயத்திலாவது அதிகாரி வந்து நோட்டீஸ் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

தனித்தனிக் கடைக்குள் இடமில்லை என்பது உண்மைதான். பத்துக்குப் பத்து கடையில் சரக்கு வைக்கவே இடம் போதவில்லை. ஆனால் ஒரு தெருவுக்கு ஒரு குடோன் மூலை கிடைக்காமல் போகாது. முப்பது கடைகள் சேர்ந்து கடைக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் 9,000 ரூபாய். சுத்தம் செய்பவருக்குச் சம்பளம், தண்ணீர், பினாயில் எல்லாம் இதற்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ளலாம். கட்டும் செலவுக்குச் சங்கத்தின் கட்டட நிதியிலிருந்து முன்பணம் தரலாமா என்பதைச் செயற்குழு பேசட்டும். நகராட்சியிடம் மனுக் கொடுப்பதும் நடக்கட்டும், அது தன் வேகத்தில் வரும்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள், ஒரு விளக்கு, மூடியுள்ள குப்பைக்கூடை, எப்போதும் தண்ணீர். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிறு விஷயத்தில் காரியம் கெட்டுப்போவதுண்டு. சாவி. கல்லாவில் முதலாளியிடம் கேட்டு வாங்கிப் போகும்படி வைத்தால் பாதிப் பெண்கள் கேட்கமாட்டார்கள், பாட்டில் மறுபடி நிறைந்தபடியே வீடு திரும்பும். பெண்கள் அறைச் சாவியைக் கடைக்கு ஒன்றாகப் பிரதியெடுத்து, அங்கே வேலை செய்யும் பெண்களில் மூத்தவரிடமே கொடுத்துவிட வேண்டும்.